சிசு ரத்த அணு சோதனை: இரு கிட்களின் முடிவு முரண்பட்டபோது

ஆர்எச் நெகட்டிவ் தாய் ஒருவரின் ரத்தத்தில் கலந்துள்ள சிசு அணுக்களை எண்ண உதவும் இரண்டு கிளைஹாவர்-பெட்கே சோதனைக் கிட்கள் வெவ்வேறு சிசு அணு விகிதத்தைக் காட்டின. சிசுவின் ஆர்எச் பாசிட்டிவ் அணுக்களுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 300 மைக்ரோகிராம் அளவில் சுமார் 30 மி.லி. சிசு ரத்தத்துக்கே போதுமானது என்பதால், இந்த வேறுபாட்டை அப்படியே விட்டுவிட முடியாது.

ஆண் ஒருவரின் ரத்தத்தில் அதே ரத்த வகையைச் சேர்ந்த தொப்புள்கொடி ரத்தத்தை 1 சதவீதம் கலந்து, இரண்டு கிட்களிலும் ஒரே நேரத்தில் சாயமேற்றினேன். ஒன்றில் சிசு அணுக்கள் அடர் இளஞ்சிவப்பாகவும், பெரியவரின் அணுக்கள் வெளிறிய வெற்றுக் கூடுகளாகவும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. மற்றதிலோ பெரியவரின் அணுக்களிலும் நிறம் எஞ்சியிருந்தது, அதாவது அவற்றின் ஹீமோகுளோபினைக் கிட்டின் அமிலக் கரைசல் (பஃபர்) முழுமையாக வெளியேற்றவில்லை; சிசு ஹீமோகுளோபின் மட்டுமே அந்த அமிலத்தைத் தாங்கி நிற்க வேண்டும். அதன் பஃபரை அளந்தபோது பிஎச் 3.3-ஐத் தாண்டியிருந்தது, அதாவது அமிலத்தன்மை போதவில்லை. புதிய பஃபரைக் குறித்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஸ்மியரையும் (கண்ணாடித் தகட்டில் பூசும் ரத்தப் படலம்) மெல்லியதாக இழுத்ததும் இரண்டும் ஒத்துப்போயின.

தாய்க்கு பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருந்தால், அவருடைய சொந்த அணுக்களிலும் சிசு வகை ஹீமோகுளோபின் இருக்கலாம் என்பதால் அவையே நிறமேறக்கூடும். அத்தகைய மாதிரிகளை, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளந்து பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கே அனுப்புகிறேன்.