இதய மாநாட்டுக்குப் போகிறீர்களா? நான் விட்ட பிழைகளை விடாதீர்கள்

இதயநோய் நிபுணர்களின் வருடாந்த மாநாட்டுக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் இளம் டொக்டர்மார் இரண்டு மூன்று பேர் கொழும்புக்குப் போய்வருவார்கள். இந்தமுறை போய்வந்த ஒருவர், திங்கட்கிழமை வாட் சுற்று முடிவதற்குள் மூன்று பேருடைய மருந்தை மாற்றிவிட்டார். அவருடைய கொப்பியைப் புரட்டியபோது என் பழைய கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பிந்திப் போகாதீர்கள், போனை அணையுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

இரவு பஸ்ஸால் இறங்கி நேரே மண்டபத்துக்குள் போவது

முதல் நாளே போய்ப் படுங்கள்.

ஸ்டென்ட் பார்க்க ஓடுவது

அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்டைப் போடுவதைத் திரையில் காட்டும்போது மண்டபம் நிறைந்துவிடும். பக்கத்து அறையில் ஒருவர் பத்துப் பேருக்குப் பேசிக்கொண்டிருப்பார்: ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்து, 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் கிடைக்காது என்றால் 10 நிமிடத்தில் இரத்தக்கட்டி கரைக்கும் ஊசியைத் தொடங்குவது, 60 முதல் 90 நிமிடத்தில் ஈசிஜியில் உயர்ந்த எஸ்டி பகுதி பாதியாவது இறங்காவிட்டால் உடனே ஆஞ்சியோவுக்கு, அதாவது இதயக் குழாயைப் படம் எடுத்துப் பார்க்க, அனுப்புவது. ஸ்டென்ட் போடும் கேத் லாப் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த அறைதான் மாநாடு.

ஸ்லைடின் கடைசி வரியை மட்டும் கொண்டுவருவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

பிளாட்டோ ஆய்வு 2009இல் வந்தது. 18,624 நோயாளிகள், இரத்தம் கட்டாமல் தடுக்கும் பழைய குளிசையான குளோபிடோகிரலை விடப் புதிய டிக்காகிரலோர் நல்லது என்று முடிவு. மேடையில் சொன்னது ‘16 சதவீதம் குறைவு’. அந்த 16ஐத் தூக்கிக்கொண்டு ஏ9 வழியே வந்துசேர்ந்தேன். கணக்கைப் பிரித்தால், ஒரு வருடத்தில் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் ஏதாவது வந்தவர்கள் 11.7க்குப் பதில் 9.8 சதவீதம். நூறு பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேர் தப்புகிறார்கள். அது சின்ன விஷயமில்லைதான். ஆனால் அந்த நூறு பேர் யார்? கட்டி கரைக்கும் ஊசி ஏற்றி 24 மணித்தியாலம் ஆகாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. என் வாட்டிலோ மாரடைப்போடு வந்தவர்களில் அநேகம் பேர் ஊசி ஏற்றியவர்கள். அவர்களுக்கு இந்த மருந்து சரிவருமா என்று பார்த்த ட்ரீட் ஆய்வு 2018இல்தான் வெளிவந்தது.

ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவருக்கு வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதினேன். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது பைக்குள் குளிசை மிஞ்சிக் கிடந்தது.

“என்னண்டு ஐயா மிஞ்சினது?”

“ரெண்டு நேரமும் போட்டா மாசத்துக்குக் காணாது, டொக்டர். காலமை மட்டும் போடுறன். போன கிழமை அதையும் விட்டு விட்டுத்தான்.”

டிக்காகிரலோர், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவில் ஒட்டிப் பிறகு கழன்றுவிடும். அதனால்தான் இரண்டு நேரம். குளோபிடோகிரல் தட்டணுவை அதன் ஆயுள் முழுக்க விடாது. ஒரு நேரம் போதும், எங்கள் பாமசியில் காசில்லாமல் கிடைக்கும். திறமான மருந்து எழுதினேன் என்ற நினைப்பில் மனுசனை அரைகுறை மருந்தில் விட்டிருந்தேன். தான்தோன்றீஸ்வரர் காப்பாற்றினார், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கே பழைய குளிசைக்கு மாற்றினேன்.

பேச்சு முடிந்ததும் மைக்கைப் பிடித்து இதைக் கேளுங்கள்: யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்? பாமசியில் இருக்கிறதா என்பதை ஊருக்கு வந்து நீங்களே பாருங்கள்.

எல்லா ஸ்லைடையும் போனில் படம் எடுப்பது

திருப்பிப் பார்க்கமாட்டீர்கள்.

வெறுங்கையோடு போவது

உங்களைக் குழப்பிய ஈசிஜி ஒன்றை, பெயர் உள்ள மூலையைக் கிழித்துவிட்டு, மடித்துச் சேட் பொக்கெட்டில் வையுங்கள். தேத்தண்ணி நேரத்தில் நீட்டுங்கள். கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காத நிபுணரை நான் இன்னும் காணவில்லை. போன் நம்பரையும் அப்போதே வாங்கிவிடுங்கள்; இரவு இரண்டு மணிக்குத் தேவைப்படும்.