தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து அரசியல் அறிவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

அரசியல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் உடனே வருவது இரண்டு கேள்வி: "கலெக்டர் ஆகவா?", "கட்சியில சேரவா?" யு.பி.எஸ்.சி. தேர்வில் இது ஒரு விருப்பப் பாடம்தான். ஆனால் பட்டப்படிப்பையே தேர்வுப் பயிற்சி என்று நினைத்துப் போகிறவர் முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துவிடுவார். அங்கே நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டார்கள். யாரோ எழுதிய வாதத்தைக் கையில் கொடுத்து, இது எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே ஆடுகிறது என்று கேட்பார்கள்.

இங்கே பேசுவது லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களைப் பற்றி, அதாவது பல துறைகளைக் கலந்து படிக்கும் இடங்கள். அங்கே அரசியல் அறிவியலை முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு, கூடவே பொருளியல், வரலாறு, தத்துவம், புள்ளியியல், விருப்பமிருந்தால் உயிரியல்கூட எடுக்கலாம். முதல் ஆண்டு பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைத் தாள்கள். முதன்மைப் பாடத்தை இரண்டு மூன்று செமஸ்டர் கழித்து உறுதிசெய்தால் போதும். பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தவரும் காமர்ஸ் எடுத்தவரும் சேரலாம்.

சேர்வதற்கு முன்

நம் பக்கம் ரிசல்ட் வந்த பிறகுதான் கல்லூரி தேடுவது வழக்கம். இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அது சரிப்படாது. சோனிபத்தில் உள்ள அசோகா, ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா, ஓசூர்க்காரர்களுக்கு அத்திப்பள்ளி தாண்டினால் வந்துவிடுகிற சர்ஜாபூர் பக்கத்து அசீம் பிரேம்ஜி போன்ற இடங்களில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பம் தொடங்கிவிடும். நுழைவுத் தேர்வு, சுயகட்டுரை, நேர்காணல் என்று இடத்துக்கு இடம் முறை மாறும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இணையதளங்களைப் பார்க்க ஆரம்பிப்பது நல்லது.

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில இடங்களில் "அரசியல்" என்றும், சில இடங்களில் சமூக அறிவியலுக்குள் ஒரு பகுதியாகவும் இருக்கும். தாள்களின் பட்டியலைத் திறந்து அரசியல் கோட்பாடு, இந்திய அரசியல், ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள் ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவதாக ஆய்வு முறை கட்டாயத் தாளாக இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் சேர்ந்தால் கருத்து சொல்லத் தெரியும், நிரூபிக்கத் தெரியாது.

கட்டணம் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்குப் பல லட்சம் என்பதால் பாதிப் பேர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாடு இவற்றில் உண்டு. ஆனால் உதவிக்கான படிவத்தைச் சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே போட வேண்டும், இடம் கிடைத்த பிறகு கேட்டால் பெரும்பாலும் நிதி முடிந்திருக்கும். தாசில்தார் வருமானச் சான்று, சிட்டா, ஆறு மாத வங்கிக் கணக்கு இவற்றைத் தயாராக வையுங்கள். விவசாயக் குடும்பத்துக்கு வருமான வரித் தாக்கல் இருக்காது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் தனித்தாளில் ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டும்: மாந்தோப்பு எத்தனை ஏக்கர், ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஏமாற்றினால் என்ன வரும், பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி போட்டால் விலை எப்படி ஏறி இறங்கும், பால் சொசைட்டியில் மாதம் எவ்வளவு. சொசைட்டி பாஸ்புக் நகல் ஒன்றை வைத்தால் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு தொல்லை இனிஷியல். வடக்கே உள்ள படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் உதவித்தொகை மாட்டிக்கொள்ளும். பிளஸ் ஒன்னிலேயே எல்லாவற்றையும் மார்க் ஷீட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.

ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிளஸ் டூவில் மேல் 20 சதவீதத்தில் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளம். அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

வாசிப்பு

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், தமிழ்வழியில் படித்தவர் இன்னும் கொஞ்சம் அதிகமாக. ஒரு தாளுக்கு வாரம் 60 முதல் 100 பக்கம், நான்கு தாள் என்றால் 300 பக்கம் சாதாரணம். முதல் வரியிலிருந்து அகராதியோடு உட்கார்ந்தால் புதன்கிழமையே மூச்சு முட்டும்.

முப்பது பக்கக் கட்டுரையை இப்படி எடுங்கள். முதலில் முன்னுரையின் கடைசி இரண்டு பத்தி, பிறகு முடிவுரை, பிறகு உட்தலைப்புகள். இதற்கு இருபது நிமிடம். அங்கேயே நிறுத்தி, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று தமிழில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை. திரும்ப முன்னுரைக்குப் போங்கள். அடுத்து நடுப்பகுதியில் ஆதாரத்தை மட்டும் தேடிப் படியுங்கள்: எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தக் கணக்கு, யாரிடம் பேசினார். கடைசியாக, இவரை மறுப்பவர் என்ன சொல்வார் என்று ஒரு வரி. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தெரியாத சொல் ஐந்துமுறை வந்தால் மட்டும் அகராதி. தமிழில் சிந்தித்துக் குறிப்பெடுப்பது குறையே இல்லை. ஆங்கில வரிகளை அப்படியே பார்த்து எழுதிக்கொள்வதுதான் ஆபத்து. இரண்டு மாதம் கழித்து அது யாருடைய வரி என்று மறந்து கட்டுரைக்குள் புகுந்துவிடும், திருட்டு என்று மென்பொருள் காட்டும்.

வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. நீளமாகப் பேச வேண்டியதில்லை. "17ஆம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறார், 25ஆம் பக்கத்தில் அதற்கு எதிராக இருக்கிறதே?" என்ற ஒரு கேள்வி, மேலோட்டமான ஐந்து நிமிடப் பேச்சைவிடக் கனமானது.

கட்டுரை

1,500 முதல் 2,500 சொல் வரை கேட்பார்கள். "ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பற்றி இக்கட்டுரை விளக்குகிறது" என்று தொடங்கினால் அது பள்ளிக்கூடக் கட்டுரை. "நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது தெரிந்தும், ஜப்பான் கடனுதவியோடு அமைந்த அந்தத் திட்டம் 2013 வரை இழுத்ததற்குப் பணத்தைவிடக் காவிரி பற்றிய இரு மாநில உரசலே பெரிய காரணம்" என்பது வாதம். சரியோ தப்போ, ஒருவர் மறுக்க முடியும், ஆதாரம் கேட்க முடியும். கடைசிக்கு முந்தைய பத்தியில் எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துப் பதில் சொல்லுங்கள். எதிராளியைப் பொம்மையாக்கி அடிப்பதைப் பேராசிரியர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். மேற்கோள்களை ஒழுங்காக வைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம், முதல் வாரத்திலேயே நிறுவிவிடுங்கள்.

ஊரை வைத்துப் படிப்பது

இதில்தான் நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உண்மையான வசதி இருக்கிறது. பெரும்பாலோர் அதை விட்டுவிட்டு அமெரிக்கத் தேர்தலைப் பற்றி எழுதுகிறார்கள்.

தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகுதியில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற இறுதித் தாள் அது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள் என்பதால் எக்செல்லில் கையால் ஏற்ற வேண்டிவரும். ஏற்றியதும் ஒவ்வொரு வேட்பாளரின் பெயருக்குக் கீழே உள்ள எண்களைக் கூட்டி, அடியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். தபால் ஓட்டு கடைசியில் தனி வரிசையாக வரும், அதைச் சாவடிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நோட்டா 2013 கடைசியிலிருந்துதான் உண்டு.

தப்பு நடப்பது ஆண்டுகளை ஒப்பிடும்போது. 2021-இல் கொரோனாவால் ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்துச் சாவடிகளைப் பிரித்தார்கள். ஆகவே 2016-இன் 45ஆம் சாவடியும் 2021-இன் 45ஆம் சாவடியும் ஒரே ஊர் என்று எடுத்தால் எல்லாம் குழம்பும். எண்ணை விட்டுவிட்டு, சாவடிப் பட்டியலில் உள்ள பள்ளிக்கூடப் பெயரையும் தெருக்களையும் வைத்துப் பொருத்த வேண்டும். 2008 தொகுதி மறுவரையறைக்கு முன்னால் போனால் இன்னும் கஷ்டம். மொரப்பூரும் காவேரிப்பட்டணமும் காணாமல் போயின, பாப்பிரெட்டிப்பட்டியும் வேப்பனஹள்ளியும் புதிதாக வந்தன.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஒரு சாவடியில் ஒரு சமூகத்தார் அதிகம், அங்கே ஒரு கட்சிக்கு ஓட்டும் அதிகம் என்றால், அந்தச் சமூகம் அந்தக் கட்சிக்கே போட்டது என்று டீக்கடையில் பேசலாம், கட்டுரையில் எழுத முடியாது. சாவடிக் கணக்கு சாவடியைப் பற்றித்தான் சொல்லும், தனி மனிதரைப் பற்றிச் சொல்லாது. எக்கலாஜிக்கல் ஃபாலசி என்று வகுப்பில் இதைத் தனியாகவே சொல்லித் தருவார்கள். அதே மாதிரி, 1991-இல் பர்கூரில் வென்ற ஜெயலலிதா 1996-இல் அதே தொகுதியில் இ.ஜி. சுகவனத்திடம் தோற்றதற்கு "அலை" என்பது பதிலாகாது. எந்தச் சாவடிகளில் எவ்வளவு சரிவு என்று காட்டினால்தான் பேச்சு நகரும்.

வழக்குத் தீர்ப்பைப் படிக்கப் பழக, அரூர் பக்கத்து வாச்சாத்தியை விட்டால் வேறு எதையும் முதலில் சொல்லமாட்டோம். 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்து, ஊராரை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் 2011-இல் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதிசெய்தது. இந்த ஒரு வழக்கை வைத்தே பாடத்தின் கிளைகள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கலாம். கோட்பாடு படிப்பவர், வன்முறைக்கான உரிமையை அரசுக்குக் கொடுத்தது யார், எல்லை எது என்று கேட்பார். பொது நிர்வாகம் படிப்பவர், மூன்று துறை சேர்ந்து போகும்போது உத்தரவு யாருடையது, பொறுப்பு எங்கே கரைகிறது என்று தேடுவார். ஒப்பீட்டு அரசியல்காரர், இதே மாதிரி மற்ற ஊர்களில் வழக்கு நிற்காதபோது இங்கே 31 ஆண்டு எப்படி நின்றது, சங்கங்களும் கட்சிகளும் என்ன செய்தன என்று கேட்பார்.

கிராம சபைக்கும் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. சபை செல்லக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற குறைவெண் மக்கள்தொகைப்படி: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தலைகளை நீங்களே எண்ணி, பதிவேட்டின் கையெழுத்துகளோடு ஒப்பிடுங்கள். தீர்மானம் பேச்சுக்கு முன்னால் எழுதப்பட்டதா, பின்னாலா? பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், யார் கேட்ட கேள்வி மினிட்டில் ஏறுகிறது? பஞ்சாயத்தின் திட்டமும் செலவும் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் இருக்கும், முன்னாலேயே பார்த்துவிட்டுப் போங்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்; தலைவர் இருந்தபோது நடந்த சபைக்கும் அலுவலர் நடத்திய சபைக்கும் என்ன வித்தியாசம் என்பது ஒரு நல்ல செமஸ்டர் கட்டுரை. பேட்டி எடுத்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள். சாதிப் பிரச்சினை உள்ள ஊரில் தெருவின் பெயர்கூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காம் ஆண்டு

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டமைப்பில் மூன்று ஆண்டுக்கு 120 கிரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் கிடைக்கும் படிப்பளவுப் புள்ளி), நான்கு ஆண்டு ஆனர்ஸுக்கு 160. ஆய்வோடு ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் புள்ளியியல் தாளை இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். அரசு அலுவலகத் தகவல் தேவைப்படும் தலைப்பு என்றால் ஆறாவது செமஸ்டர் தேர்வுக்கு முன்பே தகவல் உரிமை மனு போட வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டும், எந்த ஆண்டின் எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு, வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு மாதம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அலுவலர்கள் பேட்டி தரவே யோசிப்பார்கள், ஆகவே கள வேலையைத் தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து வையுங்கள்.