ஜாப் ஷெட்யூல் டேட்டாவுக்குக் கண்ணாடி நகல் எடுப்பது எப்படி?

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு லேத் பட்டறையில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ். எந்த சிஎன்சி மெஷினில் எந்த ஜாப், கோயம்புத்தூர் பார்ட்டிக்கு என்றைக்கு டெலிவரி, எல்லாமே ஒரு ஷெட்யூலிங் சாஃப்ட்வேரில்தான். போன துலாவர்ஷத்தில், அதாவது ஐப்பசி மழையில், ஒரு இடி இடித்தது, ஹார்ட் டிஸ்க் போனது. நகல் கிடையாது. ஜாப் கார்டுகளைச் சீட்டுக்கட்டு போல மேசையில் பரப்பி, இரண்டு நாள் திரும்ப டைப் அடித்தோம். அதற்கப்புறம் செய்த ஏற்பாடு இது.

முதல் வேலை: டேட்டா எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடியுங்கள். டெஸ்க்டாப் ஐகானைப் பென் டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. அது வெறும் ஷார்ட்கட். செட்டிங்ஸில் டேட்டா ஃபோல்டரைப் பாருங்கள். ஒரு ஜாப்பின் தேதியை மாற்றிச் சேமித்தால், அங்கே ஏதாவது ஒரு ஃபைலின் நேரமும் மாற வேண்டும். மாறினால் சரியான இடம்தான். ஃபோல்டரை முழுசாக எடுங்கள். எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸ் என்றால் பக்கத்தில் ‘வால்’ (-wal) என்று முடியும் ஃபைல் ஒன்று இருக்கலாம். கடைசியாக அடித்த பதிவுகள் அந்த வாலில் இருக்கக்கூடும். உடம்பை மட்டும் தூக்கி வந்தால் அவை வராது.

அடுத்து, எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி, ஃபோல்டர்களை நகலெடுக்கும் ஃப்ரீஃபைல்சிங்க் (FreeFileSync) சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் டேட்டா ஃபோல்டர், வலப்பக்கம் டிஸ்க்கில் ஒரு காலி ஃபோல்டர். சிங்க் செட்டிங்ஸில் ‘மிரர்’.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மிரர் என்றால் அசல் கண்ணாடிதான். இடப்பக்கம் நீங்கள் தவறி அழித்த ஃபைல், அடுத்த ஓட்டத்தில் வலப்பக்கமும் அழியும். கெட்டுப்போன ஃபைலும் அப்படியே போய் நல்லதன்மேல் உட்காரும். வெறும் மிரரை நான் பேக்கப் என்றே சொல்ல மாட்டேன். அதனால் அதே செட்டிங்ஸில், அழிக்கும் ஃபைல்களை என்ன செய்வது என்ற இடத்தில் ‘வெர்ஷனிங்’ கொடுத்து, டிஸ்க்கில் வேறொரு ஃபோல்டரைக் காட்டுங்கள். டைம் ஸ்டாம்ப் வைத்தால் பழைய ஃபைல்கள் தேதியோடு அங்கே சேரும்.

அப்புறம் ஷெட்யூலிங் சாஃப்ட்வேரை மூடுங்கள், மற்ற கம்ப்யூட்டர்களிலும்தான். திறந்திருக்கும் டேட்டாபேஸை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் வரலாம். ‘கம்பேர்’ அழுத்தி, எத்தனை ஃபைல் போகிறது, எத்தனை அழிகிறது என்று பார்த்த பிறகே ‘சிங்க்ரனைஸ்’. முதல் தடவையே அழிப்புக் கணக்கு ஏறினால் இடமும் வலமும் மாறிவிட்டது, கையை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் இந்த செட்டிங்ஸைப் பேட்ச் ஜாப்பாக, அதாவது டபுள் கிளிக்கில் ஓடும் ஒரு ஃபைலாக, சேமியுங்கள். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் தானாக ஓடும். ஆனால் அதற்கு டிஸ்க் சொருகியே இருக்க வேண்டும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். நாங்கள் சாயங்காலம் டிஸ்க்கைச் சொருகி, டபுள் கிளிக் செய்து, முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைக்கிறோம்.

மாதம் ஒருமுறை நகலை வேறு லேப்டாப்பில் போட்டுத் திறந்து, நாளைய ஜாப் வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். நாங்கள் முதல்முறை திறந்தபோது சாஃப்ட்வேர் லைசென்ஸ் கீ கேட்டது, ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது அது ஒரு துண்டுச் சீட்டில், டிஸ்க் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறது.