மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? வாதத்தில் இறங்கும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்தே தீரும். ராணுவத் துப்பாக்கி போலத் தோன்றும் ஏ.ஆர்.-15ஐத் தூக்கிக்கொண்டு மான் சுடப் போவதா, வெகுதூரம் சுடும் ரைஃபிளே கூடாது, கிட்டச் சுடும் அகலக் குழல் ஷாட்கன்தான் என்று சில இடங்களில் இன்னும் ஏன் பிடிவாதம், செமி ஆட்டோமேட்டிக் எதற்கு என்று ஆரம்பிக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பேசும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தில் நிற்பார், இன்னொருவர் பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டில் நிற்பார், மான் எப்போதோ ஓடிப்போயிருக்கும். நானும் அப்படிக் கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்பியவன்தான். அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும் உதவும்.

முதலில், எந்தக் கேள்வியைப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு துப்பாக்கியை வைத்திருக்கலாமா என்பது ஒரு கேள்வி, அதை வைத்து மானைச் சுடலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி நீதிமன்றம், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) வரை போகும். 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றதே, அந்த வழக்கு மான் வேட்டையைப் பற்றியதே இல்லை. இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு மாநிலமும் தன் வேட்டை விதியில் தனியாகத் தீர்மானிக்கிறது. பென்சில்வேனியாவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைக் கடையில் வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் அதை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போக முடியாது. இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்தது வார்த்தைகள். தோட்டா என்பது கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. குண்டு என்பது குழலை விட்டுப் பறப்பது மட்டும். செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாக ஏறும், அவ்வளவுதான். ஏ.ஆர். என்பது 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம் இல்லை, ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. இதெல்லாம் அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இதில் ஒன்றைத் தவறாகச் சொன்னால் எதிரே இருப்பவர் அதையே பிடித்துக்கொள்வார், நீங்கள் அதற்கப்புறம் சொல்கிற நல்ல பாயின்ட் ஒன்றும் அவர் காதில் ஏறாது.

இன்னொன்று: ஏ.ஆர். உடம்பில் மேல்பகுதியையும் குழலையும் மாற்றினால் அது வேறு தோட்டாவைச் சுடும். .223 போடலாம், 6.5 கிரெண்டல் போடலாம், .450 புஷ்மாஸ்டர் போடலாம். இவை தோட்டா வகைகளின் பெயர்கள், எண் ஏறக்குறைய குண்டின் குறுக்களவு (புள்ளி வைத்தவை அங்குலம், 6.5 மட்டும் மில்லிமீட்டர்). முதல் தோட்டா மானுக்குச் சிறியது என்று பலர் சொல்வார்கள், கடைசித் தோட்டாவை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதனால் "ஏ.ஆர். சரியா தப்பா" என்று யாராவது கேட்டால் உடனே பாய வேண்டாம். "எந்தத் தோட்டா?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

இனி முக்கியமான வேலை. நீங்கள் எதிர்க்கிற அல்லது ஆதரிக்கிற விதி எதை அளக்கிறது என்று எடுத்துப் படியுங்கள். டெக்சாஸில் மானுக்கு ரிம்ஃபயர் (கூட்டின் விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா) மட்டும் கூடாது, சென்டர்ஃபயர் (கூட்டின் அடி நடுவில் அடித்து வெடிப்பது) என்றால் .223-யும் சரிதான். வர்ஜீனியாவில் ரைஃபிள் குறைந்தது .23 காலிபர், அதாவது .23 அங்குலக் குறுக்களவு, இருக்க வேண்டும், அதே .223 அங்கே மயிரிழையில் அடிபட்டுப்போகிறது. கொலராடோ இன்னும் கறாரானது: குறைந்தது .24 காலிபர், மானுக்குக் குண்டின் எடை குறைந்தது 70 கிரெயின் (சுமார் நாலரை கிராம்), 100 கஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல், செமி ஆட்டோமேட்டிக் என்றால் மொத்தம் ஆறு தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. மானைச் சுடத்தான் எல்லா விதியும், ஆனால் ஒன்று குறுக்களவைப் பார்க்கிறது, ஒன்று ஆற்றலைப் பார்க்கிறது, ஒன்று எண்ணிக்கையைப் பார்க்கிறது.

ஆற்றல் கணக்கை நீங்களே போட்டுப் பழகுங்கள், பெரிய வித்தை ஒன்றுமில்லை. குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு. 55 கிரெயின் குண்டு 3,240 அடி வேகத்தில் போனால் சுமார் 1,280 வரும், அது .223. 180 கிரெயின் குண்டு 2,700 அடியில் போனால் 2,900-க்கு மேல், அது .30-06. ஒரு அவுன்ஸ் ஷாட்கன் ஸ்லக் (ஷாட்கனில் போடும் ஒற்றைப் பெரிய குண்டு) 1,600 அடியில் போனால் 2,500-ஐ நெருங்கும். இவை குழல் வாயில் உள்ள கணக்கு, தூரம் போகப் போகக் குறையும், ஸ்லக்குக்கு மிக வேகமாகக் குறையும். இந்த மூன்று எண்ணைக் கையில் வைத்திருந்தாலே "அதெல்லாம் பொம்மைத் துப்பாக்கி", "அது பீரங்கி" என்கிற பேச்சுகளுக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம்.

விதியும் துப்பாக்கியும் எப்படி ஒன்றை ஒன்று துரத்துகின்றன என்று பார்க்க வேண்டுமானால் மத்திய மேற்குப் பக்கம் போக வேண்டும். ஓஹாயோ, அயோவா, இல்லினாய், தெற்கு மிச்சிகன் எல்லாம் தட்டையான சோளக்காட்டுப் பூமி, நடுநடுவே வீடுகள். அங்கே நீண்ட காலம் ஷாட்கன், மஸில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போடுவது) மாதிரியான கிட்டச் சுடும் துப்பாக்கிகள்தான். பிறகு கழுத்து ஒடுங்காத, நேரான கூடு உள்ள தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்களுக்குக் கதவைத் திறந்தார்கள்: 2014-ல் ஓஹாயோவும் மிச்சிகனும், 2017-ல் அயோவா, 2023-ல் இல்லினாய் (அங்கே ஒரே ஒரு தோட்டா போடும் ரைஃபிள் மட்டும்). 2019-ல் வின்செஸ்டர் இந்த விதிக்குள் அடங்கும்படியே .350 லெஜண்ட் என்று ஒரு தோட்டாவை உருவாக்கியது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை மிச்சிகனில் நடந்தது. அங்கே கூட்டின் நீளம் 1.80 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். 1873-ல் வந்த .45-70 தோட்டாவின் கூடு 2.1 அங்குலம், ஆகவே கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் தாத்தா காலத்து லீவர் ரைஃபிள் வெளியே, ஏ.ஆர். உடம்பில் ஓடும் .450 புஷ்மாஸ்டரின் கூடு 1.70, ஆகவே அது உள்ளே. அந்த வரியை எழுதியவர்கள் மனதில் என்ன நினைத்திருந்தாலும், வரி அளப்பது கூட்டின் நீளத்தைத்தான்.

பாதுகாப்பு வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் ஷாட்கன் விதியின் முதுகெலும்பே அதுதான்: ரைஃபிள் குண்டு வெகுதூரம் போகும், அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், ஆகவே வேண்டாம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பென்சில்வேனியா சட்டமன்றத்தின் குழு ஒன்று இதை ஆராயச் சொல்லி 2007-ல் ஓர் அறிக்கை வந்தது. துப்பாக்கியை மேல்நோக்கி 35 டிகிரி தூக்கிச் சுட்டால் .30-06 குண்டு இரண்டரை மைலுக்கு மேல் போகும், ஸ்லக் கிட்டத்தட்ட இரண்டு மைல். ஆனால் யாரும் மானை 35 டிகிரி தூக்கிச் சுடுவதில்லை. தரைக்கு இணையாகச் சுடும்போது, குண்டு மண்ணில் பட்டுத் தெறித்துப் போகும் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்லக் ரைஃபிளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போனது! காரணம் எளிது. ரைஃபிள் குண்டு சிறியது, வேகம் அதிகம், மண்ணில் மோதியதும் பெரும்பாலும் சிதைந்து வேகம் இழக்கும். ஸ்லக் கனமானது, மெதுவானது, உடையாமல் குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி எம்பிப் போகும்.

ஆனால் இந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டி "பார்த்தாயா, ரைஃபிள்தான் பாதுகாப்பு" என்று முடித்துவிடாதீர்கள், எதிரணி அதே அறிக்கையின் 35 டிகிரி எண்ணை எடுத்து உங்கள் மேலேயே வீசும். ஷாட்கன் மட்டும் என்ற விதி தானாகவே பாதுகாப்பைக் கொண்டுவந்துவிடாது என்பதுதான் அதிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது. பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும், மேட்டு விளிம்பில் வானம் பின்னால் தெரிய நிற்கும் மானைச் சுட்டால் எந்தத் துப்பாக்கியானாலும் ஆபத்துதான். விஸ்கான்சின் 2013-ல் மாநிலம் முழுக்க ரைஃபிளை அனுமதித்துவிட்டது, அதையும் பேச்சில் வைத்துக்கொள்ளலாம்.

மான் துடிக்காமல் சாக வேண்டும் என்ற வாதம் இன்னொன்று. இதில் பெரிய துப்பாக்கிக்காரர்களும் சின்னத் துப்பாக்கிக்காரர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் எட்டு அங்குல வட்டம். ஒரு காகிதத் தட்டை நூறு கஜத்தில் ஒட்டிவிட்டு, உட்காராமல், சாய்மானம் இல்லாமல் நின்றபடி ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். நான் முதன்முறை தோளைப் பலமாக உதைக்கும் ஒரு பெரிய மேக்னம் ரைஃபிளை இரவல் வாங்கி இதைச் செய்தபோது இரண்டு குண்டுதான் தட்டில் பட்டது, மூன்றாவது குண்டிலிருந்து விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது, தோள் நாலு நாள் கன்றிப்போயிருந்தது. அப்புறம் உதை குறைந்த .243-ல் ஐந்தும் தட்டுக்குள். அதனால் குறைந்தபட்ச ஆற்றல் என்று ஒரு கோடு வேண்டும் என்று வாதிடுங்கள், நானும் வாதிடுகிறேன், .223 மானுக்கு விளிம்பில்தான் நிற்கிறது என்பது என் கருத்து. ஆனால் "பெரிசு என்றால் கருணை" என்று சொல்லாதீர்கள். சிறுவர்களும் ஒல்லியானவர்களும் உதை குறைந்த துப்பாக்கியில் குறி தப்பாமல் சுடுகிறார்கள் என்பது செமி ஆட்டோமேட்டிக் ஆதரவாளர்களிடம் உள்ள உருப்படியான வாதம், அதைக் கேட்டே ஆக வேண்டும்.

மிச்சம் இருப்பது 'இது வேட்டையா, வெறும் சுடுதலா' என்கிற வாதம். ஒரே குண்டு, பொறுமை, மானுக்கும் தப்பிக்க ஒரு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். இது எண்ணால் தீராத விஷயம், மதிப்பு சம்பந்தப்பட்டது, அப்படியே சொல்லிவிடுங்கள், பாதுகாப்புச் சாயம் பூசாதீர்கள். மதிப்புக்கும் எடை உண்டு: பென்சில்வேனிய வேட்டை ஆணையம் 2017 தொடக்கத்தில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு முதற்கட்ட ஒப்புதல் கொடுத்துவிட்டு, வேட்டைக்காரர்களிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் மானுக்கு வேண்டாம் என்றதால் சிறு விலங்குகளுக்கு மட்டும் அனுமதித்து மானுக்குப் பின்வாங்கிவிட்டது. ஆனால் ஒன்று, மரபு பேசுகிறவர் கையில் தொலைநோக்கி பொருத்திய புது மாதிரி மஸில்லோடர் இருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவைப்பதில் தப்பில்லை.

ஈயக் குண்டு விவகாரம் தனிக் கதை. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் அதை முழுக்கத் தடை செய்துவிட்டது. துப்பாக்கி வாதத்துக்குள் அதை இழுத்தால் இரண்டும் குழம்பும், விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பொது விசாரணைக் கூட்டத்தில் பேசப் போகிறீர்கள் என்றால் அன்றைக்கு மேசையில் இருக்கும் வரைவைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஒருமுறை குண்டு, வேகம், ஆற்றல் என்று மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். முடித்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, இதில் எந்த வரியை எப்படி மாற்றச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்றைய வரைவு மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) எத்தனை தோட்டா என்பதைப் பற்றியது, என்னிடம் வரி ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் பேச்சை எழுதுவதற்கு முன்னால் பழைய வரி, அதன் கீழே நான் கேட்கும் புது வரி, இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.