கிறிஸ்தவ சபையில் கீர்த்தனை எடுத்துக் கொடுப்பது, அதாவது முன்னின்று பாடிச் சபையைப் பாட வைப்பது, எப்படி?

முதலில் கையில் இருப்பது பாமாலையா, கீர்த்தனையா என்று பாருங்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரிகளின் வழியில் வந்த, மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையை ஆர்கன் தாங்கிப் பிடிக்கும். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசையில் கட்டிய கீர்த்தனைக்குத் தாளம்தான் உயிர், அதை விட்டுவிட்டு இழுத்து இழுத்துப் பாடினால் தூக்கம்தான் வரும்.

பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். ஆதி தாளம் என்றால் தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டி வீசி (உள்ளங்கையைத் திருப்பி), தட்டி வீசி, ஆக எட்டு. வார்த்தையே இல்லாமல் இதை நாலு சுற்று போட்டுப் பழகுங்கள், ஏனென்றால் சில பாட்டுகள் தட்டோடு தொடங்காமல் அரை இடம் தள்ளித்தான் எடுக்கும், அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள்.

சுருதியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். பல்லவி கீழேயே நிற்கும், அதற்கு அடுத்து வரும் அனுபல்லவி திடீரென்று மேலே ஏறும், அதைப் பாடிப் பார்க்காமல் சுருதி வைத்து நான் ஒரு முறை கிறிஸ்மஸ் ஆராதனையில் தனியாகக் கத்திக்கொண்டு நின்றேன்.

பல்லவியை நீங்கள் பாட, சபை திருப்பிப் பாடட்டும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புங்கள். பத்துச் சரணம் இருந்தால் மூன்று போதும் (பெரியவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை).