பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குதா? முதல்ல இத பாருங்க

பிரேக் அடிச்சா கீச்னு சத்தம் வருதுன்னா பெரும்பாலும் பிரேக் பேட் (டிஸ்க்க அழுத்தி புடிக்குற கட்டை) தேஞ்சிருக்கும், 3 எம்எம்-க்கு கீழ போயிருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்திடுங்க. கறகறன்னு இரும்பு அரைக்குற சத்தம்னா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க.

பெடல் பஞ்சு மாதிரி போச்சுன்னா பிரேக் ஆயில் போற லைன்ல (குழாய்ல) காத்து புகுந்திருக்கு, இல்ல ஆயில் பழசாகி ஈரம் இழுத்திருக்கு (ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், யாரு மாத்துறா!). மொதல்ல லீக் இருக்கான்னு பாருங்க, வீல் உள்பக்கம் ஈரமா பிசுபிசுன்னு இருந்தா அங்கதான் பிரச்சனை. லீக் இல்லன்னா ப்ளீட் பண்ணலாம் (அதாவது லைன்ல இருக்குற காத்த வெளியேத்தலாம்), துணைக்கு ஒரு ஆள் வேணும், அவர் பெடல மிதிச்சு அப்படியே புடிச்சிருக்கணும், நீங்க வீல் பக்கம் இருக்குற நிப்பிள்ல (காத்த வெளிய விடுற சின்ன திருகு) ட்யூப் மாட்டி அத கால்வாசி சுத்து லூஸ் பண்ணுங்க, குமிழி வரும், டைட் பண்ணின பிறகுதான் அவர் கால எடுக்கணும், முன்னாடியே எடுத்தா திரும்ப காத்து இழுத்துக்கும். நடுவுல பிரேக் ஆயில் டப்பா காலியாகாம ஊத்திக்கிட்டே இருங்க, மூடில போட்டிருக்குற டாட் (DOT) நம்பர் உள்ள பிரேக் ஆயில்தான் ஊத்தணும், பெயின்ட்ல சிந்துனா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க.

மிதிச்சு புடிச்சிருக்கும்போதே பெடல் மெதுவா கீழ எறங்குது, வெளிய லீக்கும் இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா ஆயில தள்ளுற பாகம்) போயிருக்கும், அத மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.