பிரிட்ஜ்னு எழுதியிருந்தா அது எந்த பிரிட்ஜ்னு கண்டுபிடிக்கறது எப்படி?

அம்மா வாட்ஸ்அப்ல "மாத்திரை பிரிட்ஜ் மேல வெச்சிருக்கேன்"னு அனுப்பினா யாரும் மேம்பாலத்துக்கு ஓட மாட்டோம். அது சாமான் குளிர வைக்கிற பெட்டி. ஆய்த எழுத்து போட்டு ஃபிரிட்ஜ்னு அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கு, கடை போர்டுலயே "பிரிட்ஜ், வாஷிங்மெஷின் ரிப்பேர்"னுதான் இருக்கு. அதனால தமிழ்ல பிரிட்ஜ்ங்கற வார்த்தையைப் பாத்ததும் முதல் வேலை, இது உண்மையிலயே பிரிட்ஜ்தானா இல்ல ஐஸ் கட்டி வெக்கிறதான்னு பாக்கறது. சிரிக்காதீங்க, மெஷின் மொழிபெயர்ப்பு இதுலயே பாதி நேரம் கவுந்துடுது.

நான் இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்கு மாத்துற வேலை பாக்கறேன். சப்டைட்டில், மெஷின் மேனுவல், ஆஸ்பத்திரி நோட்டீஸ், எது வந்தாலும் சரி. ஒரு தடவை கண்ணாடி கேட்டலாக் ஒண்ணு வந்துது, ராத்திரி பன்னெண்டு மணி, தூக்கக் கலக்கம், "பாலம்: 18 மிமீ"ன்னு அடிச்சு அனுப்பிட்டேன், நாப்பது பக்கத்துலயும் அதேதான். மறுநாள் காலைல சரிபாக்கறவர் போன் பண்ணி "18 மில்லிமீட்டர்ல என்னங்க பாலம், எறும்பு போகவா?"ன்னு கேட்டார். அன்னிலேர்ந்து இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒரு வழிமுறை வெச்சிருக்கேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல வினைச்சொல்லைப் பாருங்க. தமிழ்ல இது ரொம்ப வசதி, ஒவ்வொரு தொழில்லயும் பிரிட்ஜோட சேர்ற வினை வேற வேற. "பிரிட்ஜ் இறங்கி லெஃப்ட் எடுங்க"ன்னா ஆட்டோக்காரர், மேம்பாலம். "பிரிட்ஜ் போட்டிருக்கேன், கெட்டியா கடிக்க முடியாது"ன்னா பல். "பிரிட்ஜ் எரிஞ்சுபோச்சு, மாத்தணும்"னா எலக்ட்ரானிக்ஸ் கடை, அவர் சொல்றது நாலு டையோடு சேந்த ரெக்டிஃபையர், ஏசி கரண்ட்டை டிசியா மாத்தறது. "பிரிட்ஜ் சாஞ்சிருக்கு"ன்னா வயலின். "பிரிட்ஜ் மோட்ல போடுங்க"ன்னா இன்டர்நெட் மோடம். "பிரிட்ஜ் ஆடுவோம்"னா சீட்டு. இங்கிலீஷ் மூலத்தைப் பாத்து வேலை செய்யறவங்களும் அந்த வாக்கியத்தை மனசுக்குள்ள ஒரு தடவை நம்ம ஊர் ஆள் வாயால சொல்லிப் பாருங்க, வினை தானா வந்து உக்காரும், வினை வந்தா அர்த்தம் வந்துடும்.

அப்பறம் ரெண்டாவது கேள்வி, ரெண்டு கரை எங்க இருக்கு? பாலம்னா இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கணும்ல. கரை ரெண்டும் கண்ணுக்குத் தெரிஞ்சா பாலம்ங்கற வார்த்தையை யோசிக்கலாம், தெரியலன்னா அதைத் தொடவே தொடாதீங்க.

சிமென்ட் பாலத்துலயே எவ்வளவு பிரிவு பாருங்க. ஆத்துக்கு மேல போனா பாலம், ரோட்டுக்கோ தண்டவாளத்துக்கோ மேல போனா மேம்பாலம், ஜனங்க மட்டும் ஏறி இறங்கற மாதிரி இருந்தா நடைமேம்பாலம், மழை வந்தா மூழ்கற தாழ்வானது தரைப்பாலம். நம்ம நாட்டு ரோடு விதிப்படி மொத்த நீளம் 6 மீட்டர் வரைக்கும் கல்வெர்ட், அதுக்கு மேல 60 மீட்டர் வரைக்கும் சின்ன பாலம், அதையும் தாண்டினா பெரிய பாலம். இந்த கல்வெர்ட்டை ஊர்ப்பக்கம் "கல்வெட்டு"ன்னே சொல்லுவாங்க, "கல்வெட்டுகிட்ட நிக்கறேன்"னு யாராவது சொன்னா ராஜராஜன் காலத்துதுன்னு நெனச்சுக்காதீங்க. நான் சிறுபாலம்னு போடுவேன். இலங்கை வாசகருக்குன்னா மதகு, ஆனா தமிழ்நாட்டுல மதகுன்னா ஏரில தண்ணி தொறந்து விடறது, அதனால யாருக்கு எழுதறோம்னு பாத்துக்கோங்க.

பாம்பன் விஷயத்துல இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை. 1914ல தொறந்த பழைய ரயில் பாலத்துல கப்பல் வந்தா நடுவுல ரெண்டு பாகமும் கதவு மாதிரி மேல் நோக்கித் தொறந்துட்டிருந்துது, 2025 ஏப்ரல்ல தொறந்த புதுசுல 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒண்ணு லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். ஜனங்க ரெண்டையும் தூக்குப் பாலம்னுதான் சொல்றாங்க, தப்பில்ல, ஆனா ரெண்டும் ஒரே கட்டுரைல வந்தா புதுசை செங்குத்துத் தூக்குப் பாலம்னு பிரிச்சுச் சொல்லிடுங்க, இல்லன்னா படிக்கறவர் குழம்பிடுவார்.

பல்லுக்கு வருவோம், இங்க கரை ரெண்டும் அப்பட்டமா தெரியுது. ஒரு பல் போயிடுச்சு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கற பல்லைக் கொஞ்சம் ராவிட்டு அதுங்க மேல ரெண்டு தொப்பி, நடுவுல தொங்கற மாதிரி ஒரு பொய்ப்பல், மூணும் ஒட்டின ஒரே துண்டு. தாங்கற பல்லுக்கு டாக்டருங்க அபட்மென்ட்ங்கறாங்க, ஆத்துப் பாலத்தோட ரெண்டு முனைல இருக்கற தாங்கு சுவருக்கும் இன்ஜினியருங்க அதே பேர்தான் சொல்றாங்க. நடுப்பல்லுக்குப் பேர் பான்டிக், அதுக்குள்ளயும் லத்தீன்ல பாலம்னு அர்த்தம் உள்ள பான்ஸ்ங்கற சொல் ஒளிஞ்சிருக்கு. மூளைத்தண்டுல இருக்கற பான்ஸும் அதே சொல்தான்.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் "பல் பாலம்"னு எழுதினா நோட்டீஸைப் படிக்கிற பாட்டிக்கு ஒண்ணும் புரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது "பல் கட்டறது". ஆனா கழட்டி டம்ளர்ல போட்டு வெக்கற செட்டுக்கும் அதே பேச்சுதான், அதனால "கழட்டாம அப்படியே இருக்கற கட்டுப்பல்"னு ஒரு தடவை விளக்கிட்டு அப்பறம் பிரிட்ஜ்னே எழுதிட்டுப் போறேன். நோட்டீஸ்ல எங்க சுத்தம் பண்ணணும்னு வர்ற இடத்தை மட்டும் நல்லா கவனிங்க, நடுப்பல்லுக்கு அடில ஈறுக்கும் அதுக்கும் நடுவுல சாப்பாடு தங்கும், அங்க பிரஷ் போகாது, நூல் விட்டுதான் எடுக்கணும். "பாலத்தின் கீழ் சுத்தம் செய்யவும்"னு போட்டா கார்ப்பரேஷன் அறிவிப்பு மாதிரி ஆயிடும்.

கருவிகள் பக்கம் போனா நம்ம பாஷைக்கே சொந்தமா ஒரு வார்த்தை தயாரா இருக்கு, அதை விட்டுட்டுப் பாலம்னு எழுதறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வரும். வீணைல குடத்து மேல தந்திகளைத் தாங்கற துண்டுக்குப் பேர் குதிரை. தந்தி அது மேல சவாரி பண்ணுது, குதிரை தந்தியைச் சுமக்குது. ஃபிரெஞ்சுக்காரங்களும் வயலின் பிரிட்ஜைக் குட்டிக் குதிரைன்னுதான் சொல்றாங்க, இத்தாலிக்காரங்க குட்டிப் பாலம்ங்கறாங்க. வீணைக் கட்டுரைன்னா யோசிக்காம குதிரைன்னு போடுங்க. வயலினுக்கு நம்ம வித்வான்களே பிரிட்ஜ்னுதான் சொல்றாங்க, அப்படியே விட்டுடலாம்.

வயலின் பழக்கற கையேடு மொழிபெயர்த்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, அந்த பிரிட்ஜ் பசை போட்டு ஒட்டினது கிடையாது, தந்தியோட அழுத்தத்துலதான் நிக்குது. சுருதி ஏத்த ஏத்த தந்தி அதோட தலையைக் கைப்பிடி பக்கமா இழுக்கும், அதனால அப்பப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவா நிமித்தி விடணும், பின்பக்கம் மேல்பலகைக்கு நேர் செங்குத்தா இருக்கணும். நாலு தந்தியையும் ஒரே நேரத்துல தளத்திட்டா பிரிட்ஜும் விழும், உள்ள நிக்கற குச்சியும் சாஞ்சுடலாம். இது தெரியாம "பாலத்தை ஒட்டவும்"னு எழுதினா வாங்கினவர் ஃபெவிகால் எடுத்துட்டு வந்துடுவார்.

பிசிக்ஸ்ல நம்ம பாடப்புத்தகக்காரங்க செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்ஸ்டோன் பிரிட்ஜ்ல நாலு மின்தடை, நடுவுல குறுக்க கரண்ட் ஓடுதான்னு காட்டற ஒரு கால்வனோமீட்டர், முள் பூஜ்யத்துல நின்னா ரெண்டு பக்க விகிதமும் சமம், அதை வெச்சுத் தெரியாத தடையைக் கண்டுபிடிக்கறோம். 1833ல முதல்ல இதைச் செஞ்சது சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி, பேர் வாங்கிட்டுப் போனது வீட்ஸ்டோன், அது வேற கதை. தமிழ் மீடியம் புக்ல இதுக்குப் பாலம்னு போடல, சமனச்சுற்றுன்னு போட்டாங்க, அது என்ன வேலை செய்யுதோ அதையே பேரா வெச்சுட்டாங்க. ஆனா கெமிஸ்ட்ரி பக்கம் போனா உப்புப் பாலம், அங்க நெஜமாவே ரெண்டு கிண்ணத்துக்கு நடுவுல வளைஞ்ச குழாய் உக்காந்திருக்கு, கரை ரெண்டும் இருக்கு, சரியாப் போச்சு. பாடப்புத்தகத்துல ஒரு சொல் இருந்தா புதுசா ஒண்ணு கண்டுபிடிக்காதீங்க, பரீட்சை எழுதற பையன் பாவம்.

கரையே இல்லாத பிரிட்ஜுங்க இருக்கே, அதுங்கதான் ஆளைக் கவுக்கும். சீட்டாட்டத்துல வர்ற பிரிட்ஜுக்கும் பாலத்துக்கும் சொந்தமே இல்ல, 1886ல வந்த ஒரு சின்ன விதிப் புத்தகத்துல அந்த ஆட்டத்தோட பேர் பிரிட்ச், பேச்சுல திரிஞ்சு திரிஞ்சு பிரிட்ஜ் ஆயிடுச்சு. 2018 ஆசிய விளையாட்டுல இதுல தங்கம் வாங்கின நம்மாளுங்க ரெண்டு பேர்ல பிரணாப் பர்தனுக்கு அப்ப வயசு 60. லாரி நிறுத்தி எடை போடறதுக்கு இங்கிலீஷ்ல பிரிட்ஜ்னு முடியற பேர், தமிழ்ல ரோட்டோரம் எல்லா போர்டுலயும் எடை மேடைன்னு கொட்டை எழுத்துல இருக்கு, அப்பறமும் எடைப் பாலம்னு எழுதறவங்க வீட்டை விட்டு வெளிய வராதவங்கன்னு நெனக்கிறேன்.

கப்பல்ல கேப்டன் நிக்கற இடமும் பிரிட்ஜ்தான். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்ல ரெண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரம், சக்கரத்தை மூடின பெட்டிங்க மேல குறுக்க நடைபாதை, அங்க நின்னாதான் நல்லா தெரியும்னு கப்பலை நடத்தறவங்க அதுல நின்னாங்க. சக்கரம் போயிடுச்சு, பேர் நின்னுடுச்சு. சப்டைட்டில்ல "கேப்டன் பாலத்தில் இருக்கிறார்"னு போட்டா அவர் கப்பலை விட்டு இறங்கிட்ட மாதிரி இருக்கும், கட்டுப்பாட்டு அறைன்னு போட்டா கீழ இன்ஜினுக்குத் தனியா ஒரு அறை இருக்கு, குழப்பம். பிரிட்ஜ்னே விட்டுடுங்க.

மோடமும் அப்படித்தான், மெனுல என்ன பேர் இருக்கோ அதையே தமிழ் எழுத்துல எழுதுங்க, ஜனங்க அதைத்தான் ஸ்கிரீன்ல தேடுவாங்க. பிரிட்ஜ் மோட்ல போட்டா மோடம் சும்மா கம்பிக்கும் உங்க ரூட்டருக்கும் நடுவுல தரகர் மாதிரி நிக்கும், லாகின் பண்ற வேலையெல்லாம் ரூட்டர் பாத்துக்கும், அதனால மாத்தறதுக்கு முன்னாடி யூசர்நேம் பாஸ்வேர்டை வாங்கி வெச்சுக்கோங்கன்னு ஒரு வரி சேத்துடுங்க, மூலத்துல இல்லன்னாலும் பரவால்ல, கேட்டுட்டுச் சேருங்க. பிரிட்ஜ் லோன்னு வந்தா இடைக்காலக் கடன், பழைய வீடு விக்கறதுக்குள்ள புது வீட்டுக்குப் பணம் கட்ட வாங்கறது. யோகால வந்தா சேதுபந்தாசனம், சேதுன்னாலே பாலம்தான், சேதுபதின்னு ராமநாதபுரத்து ராஜாக்களுக்குப் பேர் வந்ததும் அந்த சேதுவாலதான்.

எல்லாம் எழுதி முடிச்சதும் கடைசியா ஒரு சோதனை. நீங்க போட்ட தமிழை மட்டும் காட்டி, மூலம் பாக்காத ஒருத்தரைத் திருப்பி இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க. மெட்ராஸ்ல இதுக்கு ஒரு பழைய கதையே இருக்கு. பக்கிங்ஹாம் கால்வாய் மேல ஹாமில்டன்ங்கற வெள்ளைக்காரர் பேர்ல ஒரு பாலம், அப்பெல்லாம் பாலத்துக்கு வாராவதின்னு பேர். ஹாமில்டன் வாராவதி ஜனங்க வாய்ல அம்பட்டன் வாராவதி ஆச்சு, அம்பட்டன்னா அப்ப முடி வெட்டறவர், அதைக் கேட்ட யாரோ ஒருத்தர் அர்த்தம் புரிஞ்சுட்டதா நெனச்சு இங்கிலீஷ்ல பார்பர்ஸ் பிரிட்ஜ்னு எழுதிட்டார், அந்தப் பேரே நிலைச்சுடுச்சு.

கண்ணாடி கேட்டலாக்கையும் இப்படித்தான் சரி பண்ணேன். உங்க கண்ணாடியைக் கழட்டி காதுல மாட்டற கம்பியோட உள்பக்கம் பாருங்க, 52, ஒரு குட்டிக் கட்டம், 18, 140னு பொடி எழுத்துல இருக்கும். 52 ஒரு பக்க லென்ஸோட அகலம், 140 கம்பியோட நீளம், நடுவுல இருக்கற 18தான் அந்த பிரிட்ஜ், மூக்குத்தண்டு மேல உக்கார்ற இடம். "மூக்கு இடைவெளி: 18 மிமீ"ன்னு மாத்தி, நாப்பது பக்கத்தையும் திரும்ப உக்காந்து அடிச்சு அனுப்பினேன். சரிபாக்கறவர் பதிலுக்கு ஒரு எறும்பு எமோஜி மட்டும் அனுப்பினார்.